தலைக்கு எத்தனை கிலோ சீஸ்? அக்கம்பக்கத்துக் கணக்கைப் படிக்கும் விதம்

காரைக்குடி செக்காலை ரோட்டிலோ நூறடி ரோட்டிலோ சாயங்காலம் ஒரு நடை போனால், தோசைக்கல்லில் சீஸைத் துருவிக் கொட்டும் கடை ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுவிடும். தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் இதே நிலைதான். கல்யாண வீட்டு இரவுப் பந்தியில் பனீர் வராமல் இருப்பது அபூர்வமாகிவிட்டது. "நம்ம பக்கம் சீஸ் சாப்பிடுறது கூடிப்போச்சு" என்று யாராவது சொன்னால் எல்லோரும் ஆமாம் என்போம். எவ்வளவு கூடியது, யாரிடம் கூடியது, பக்கத்துச் சீமையோடு வைத்துப் பார்த்தால் நாம் முன்னாலா பின்னாலா என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது.

இப்படிப்பட்ட கேள்விகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படும் அளவு ஒன்று உண்டு. அது, தலைக்கு ஆண்டுக்கு இத்தனை கிலோ என்பது. பிரான்சில் தலைக்குச் சுமார் 26 கிலோ சீஸ், ஜப்பானில் சுமார் இரண்டரை கிலோ என்று செய்திகளில் படித்திருப்பீர்கள். பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டதாகத் தோன்றும் எண் இது. ஆனால் எதைச் சீஸ் என்று எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், எத்தனை பேரால் வகுத்தார்கள் என்ற மூன்று முடிவுகள் அதற்குள் இருக்கின்றன. அந்த மூன்றும் தெரியாமல் இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் ஒப்பீடு நிற்காது.

அரிசியையோ பருப்பையோ விட்டுவிட்டுச் சீஸை எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐம்பது அறுபது வருஷத்துக்குள் பல நாடுகளில் ஏறக்குறையப் பூஜ்யத்திலிருந்து எழுந்த பண்டம் அது. எழுந்த வழியும் நாட்டுக்கு நாடு வேறு. மாற்றத்தை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள ரொம்பத் தோதான பண்டம்.

ஐந்தொகை போட்டுப் பார்ப்பது

ஒரு நாட்டில் யார் எவ்வளவு சீஸ் தின்றார் என்று வீடு வீடாகப் போய் நிறுத்துப் பார்ப்பவர் எவரும் இல்லை. கணக்கு மறுபக்கத்திலிருந்து போடப்படுகிறது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய குடும்பங்களில் ஐந்தொகை போட்டுப் பழகியவர்களுக்கு இது உடனே பிடிபடும். வரவு என்ன, வெளியே போனது என்ன, இருப்பு என்ன என்று எழுதி மிச்சத்தைக் கண்டுபிடிப்பதுபோலத்தான் இதுவும். நாட்டுக்குள் எவ்வளவு சீஸ் செய்தார்கள் என்பதோடு இறக்குமதியைக் கூட்டு. ஏற்றுமதியைக் கழி. கிடங்கு இருப்பு வருஷத் தொடக்கத்தைவிடக் கடைசியில் கூடியிருந்தால் அந்தக் கூடுதலைக் கழி, குறைந்திருந்தால் அந்தக் குறைவைக் கூட்டு. வருவதை மக்கள்தொகையால் வகு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1961 முதலான ஆண்டுகளுக்கு நாடுவாரியாக உணவுப் பொருள்களுக்கு இந்த முறையில்தான் கணக்கு வைத்திருக்கிறது.

ஆகவே, கிடைக்கிற எண் "மக்களின் கைக்கு எட்டிய அளவு". வயிற்றுக்குள் போன அளவு அதைவிடக் குறைவு. குளிர்பெட்டியில் பூஞ்சணம் பிடித்துப் போனதும், ஓட்டல் தட்டில் மிஞ்சிக் குப்பைக்குப் போனதும் இதில் சேர்ந்தே இருக்கும். அமெரிக்க வேளாண் துறை இந்த எண்ணை "கிடைப்பு" என்றே பெயரிட்டு வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் 1970இல் அமெரிக்கருக்குத் தலைக்குச் சுமார் 5 கிலோ சீஸ் கிடைத்தது. இப்போது சுமார் 18 கிலோ.

இருப்பைக் கணக்கில் சேர்ப்பது ஏன் அவசியம் என்பதற்கும் அமெரிக்காவிலேயே உதாரணம் இருக்கிறது. பால் விலை விழாமல் இருக்க அங்கே அரசாங்கமே வெண்ணெயையும் பால்பொடியையும் சீஸையும் வாங்கிக் கிடங்கில் அடுக்கிவந்தது. 1981 டிசம்பரில் அந்தக் கிடங்குகளிலிருந்து 3 கோடி பவுண்டு சீஸை ஏழைகளுக்குக் கொடுக்க உத்தரவு போட்டார்கள். ஏறக்குறைய 13,600 டன். அது செய்யப்பட்டது முந்தைய வருஷங்களில், தின்னப்பட்டது பிந்தைய வருஷங்களில். உற்பத்தியை மட்டும் பார்த்து நுகர்வு என்று எழுதியிருந்தால் இரண்டு வருஷத்துக் கணக்குமே தப்பாகியிருக்கும்.

எதைச் சீஸ் என்பது

பாலில் எலுமிச்சை பிழிந்து திரிய வைத்து, துணியில் கட்டி, கனம் வைத்து அழுத்தினால் பனீர். சீஸுக்கு வழி வேறு. பெரும்பாலான சீஸில் முதலில் நுண்ணுயிரை விட்டுப் புளிக்கவைத்து, ரென்னெட் என்ற நொதியால் உறையவைத்து, நீரை வடித்து, உப்பிட்டு, வகைக்கு ஏற்ப வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ முதிரவிடுவார்கள். கெட்டிச் சீஸ் ஒரு கிலோ செய்யச் சுமார் 10 லிட்டர் பசும்பால் ஆகும். பனீருக்கு அதைவிடக் குறைவு போதும், அதிலும் எருமைப்பால் என்றால் இன்னும் குறைவு.

இந்தியாவின் சீஸ் நுகர்வு என்று ஓர் எண்ணைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, பனீர் அதில் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதுதான். சேர்த்தால் ஒரு நாடு, சேர்க்காவிட்டால் வேறொரு நாடு என்னும் அளவுக்கு எண் மாறும். சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே பார்க்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட்டில் அடைத்த பனீருக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சீஸுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமானது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தர விதிகளிலும் பனீர் தனி, சீஸ் தனி. சமையற்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் அந்தப் பிரிவு அவ்வளவாகக் கிடையாது. "சீஸ் பனீர் ரோல்" என்று இரண்டையும் ஒரே தட்டில் தருகிறார்கள்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. நார்வேயில் புரூநோஸ்ட் என்று பழுப்பு நிறச் சீஸ் ஒன்று வீட்டுக்கு வீடு இருக்கும். சீஸ் செய்தபின் மிஞ்சும் தெளிநீரைச் சுண்டக் காய்ச்சி, அதில் பாலாடை சேர்த்துச் செய்வது அது. 1863இல் குட்பிரான்ஸ்தால் பள்ளத்தாக்கில் ஆன்னே ஹோவ் என்ற பெண்மணிதான் பாலாடை சேர்க்கும் பழக்கத்தைத் தொடங்கினார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உறையவைத்துச் செய்வதுதான் சீஸ் என்ற கட்டுப்பாட்டோடு பார்த்தால் புரூநோஸ்ட் வெளியே போய்விடும். நார்வேக்காரரிடம் அது சீஸ் இல்லை என்று சொல்லிப் பார்க்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, இது நம் ஊர் வாசகர் கவனிக்க வேண்டியது. தாவர எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்த்துச் செய்த சீஸ் போன்ற பொருள் மலிவாகக் கிடைக்கிறது. சூட்டில் உருகும், இழுத்தால் நூல் விடும். அதைப் பால்பொருள் என்று சொல்லி விற்கக் கூடாது என்பது விதி. ஆனால் தோசைக்கல்லில் உருகியபின் தட்டுக்கு வருவது எது என்று வாடிக்கையாளரால் கண்டுபிடிக்க முடியாது. நாம் சீஸ் என்று சாப்பிடுவதில் ஒரு பகுதி எந்தப் பால் கணக்கிலும் வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் பாலாகத் திருப்பிக் கணக்கிடுவது ஒரு வழி. வெண்ணெய் நீங்கலான பால்பொருள்களை எல்லாம் அவற்றைச் செய்யத் தேவைப்பட்ட பாலின் அளவாக மாற்றி ஒரே தலைப்பில் வைப்பது. உணவு வேளாண்மை அமைப்பின் தொகுப்புக் கணக்கு அப்படித்தான் வருகிறது. மொத்தம் பார்க்க நல்லது. தயிர் குடித்தார்களா சீஸ் தின்றார்களா என்பது அதில் மறைந்துவிடும்.

எத்தனை பேரால் வகுப்பது

செட்டிநாட்டில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இந்த ஊர்களில், தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குடும்பங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. கல்யாணம், படைப்பு, சாந்தி, கோயில் திருவிழா என்றால் வருகிறார்கள். ஒரு வாரம் ஊர் நிறைந்திருக்கும். அப்புறம் கதவு சாத்தப்படும்.

கானாடுகாத்தான் பக்கத்து ஊர் ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கிற அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, இந்தச் சீஸெல்லாம் யாரு வாங்குறா?"

"லீவுக்கு வர்ற பேரப்பிள்ளைகளுக்குத்தான் ஆச்சிமாரு வாங்குறாக. அதுக ரொட்டியும் சீஸும் இல்லாமக் காலையில எந்திரிக்க மாட்டேங்குதுக. மத்த நாள்ல நான் சரக்கே எடுக்கிறதில்ல. ஃபிரிட்ஜுக்குக் கரண்டு பில்லு யாரு கட்டுறது?"

அவர் சொன்னதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என் கற்பனை, வழிதான் முக்கியம். ஓர் ஊரில் 1,000 பேர். வருஷத்துக்கு 200 கிலோ சீஸ் விற்கிறது. வகுத்தால் தலைக்கு 200 கிராம். அதில் 60 கிலோ விடுமுறைக்கு வந்தவர்கள் வாங்கியது. அவர்கள் இந்த ஊர்க் கணக்கெடுப்பில் இல்லை. அதை எடுத்துவிட்டால் 140 கிலோ, தலைக்கு 140 கிராம். அதையும் 900 பேர் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, 100 பேர்தான் சாப்பிட்டார்கள் என்றால் அந்த 100 பேருக்குத் தலைக்கு 1.4 கிலோ. மூன்று எண்களும் ஒரே ஊர், ஒரே வருஷம்.

இனி பதினைந்து வருஷம் கழித்துப் பாருங்கள். ஊரில் 700 பேர்தான் மிச்சம். போன 300 பேரும் சீஸ் சாப்பிடாதவர்கள். உள்ளூர் விற்பனை அதே 140 கிலோ. இப்போது வகுத்தால் தலைக்கு 200 கிராம். "சீஸ் நுகர்வு 43 சதவீதம் கூடியது" என்று ஒருவர் தலைப்பிடலாம், கணக்கில் பிழை இருக்காது. ஊரில் ஒருவர்கூட முன்னைவிடக் கூடுதலாக ஒரு துண்டும் சாப்பிட்டிருக்க மாட்டார். ஆள் குறையும் ஊர்களைப் பற்றிய எந்தத் தலைக்கணக்கையும் நான் முதலில் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். இந்தியாவில் முடிந்த கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் நடந்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். காரைக்குடி நகராட்சிக்கு அப்போது 1 லட்சத்து 6 ஆயிரத்துச் சொச்சம் பேர். இன்றைய விற்பனையை அந்த எண்ணால் வகுப்பது நியாயமாகாது. நகரமே 2024இல் மாநகராட்சியாகி எல்லையும் மாறிவிட்டது.

எல்லை தாண்டி வாங்குவதும் இதே வகைச் சிக்கல்தான். நார்வேயும் சுவீடனும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். சுவீடன் 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. நார்வே சேரவில்லை. தன் பால் விவசாயிகளைக் காப்பதற்காக 2013 முதல் வெளிநாட்டுக் கெட்டிச் சீஸ் வகைகள் பலவற்றுக்கு 277 சதவீதம் இறக்குமதி வரி வைத்தது. விலை வித்தியாசம் பெரிது என்பதால் நார்வேக்காரர்கள் காரில் எல்லை தாண்டிச் சுவீடன் பக்கத்துக் கடைகளில் இறைச்சியும் சீஸும் மிட்டாயும் வாங்கி வருவது வெகுகாலப் பழக்கம். அதற்கென்றே எல்லையை ஒட்டிப் பெரிய கடைவீதிகள் இருக்கின்றன. அங்கே வாங்கிய சீஸ் சுவீடனின் விற்பனையில் ஏறும், நார்வேயின் வயிற்றுக்குள் போகும். 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லை மூடியதும் நார்வே மளிகைக் கடைகளில் விற்பனை சட்டென்று எகிறியது. கொஞ்சப் பேர் வீட்டில் சமைத்ததாலும் கூடியிருக்கும். ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கடைவீதிகள் வெறிச்சோடியதையும் சேர்த்துப் பார்த்தால், அதுவரை எவ்வளவு நார்வே நுகர்வு சுவீடன் கணக்கில் உட்கார்ந்திருந்தது என்பது தெரிந்தது.

அக்கம்பக்கத்தை ஏன் ஒப்பிட வேண்டும்

பிரான்சையும் சிவகங்கையையும் ஒப்பிட்டால் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. மண், மழை, மாடு, மதம், சமையல், வருமானம் என்று எல்லாமே வேறு. எது காரணம் என்று பிரித்தெடுக்க முடியாது. அக்கம்பக்கத்து இடங்களில் பலதும் ஒன்றாக இருக்கும். அப்படியும் ஒரு பழக்கம் இங்கே ஒரு வேகத்திலும் அங்கே இன்னொரு வேகத்திலும் வளர்ந்தால், வித்தியாசமாக இருந்த சிலவற்றைத் தேடினால் போதும். இந்த ஒப்பீட்டின் பலம் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஜப்பான், தென் கொரியா, சீனா மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று நாட்டுச் சோற்றுத் தட்டிலும் சீஸுக்கு இடமில்லாமல்தான் நெடுங்காலம் இருந்தது. பெரியவர்கள் பலருக்கும் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரை சரியாகச் செரிக்காது. "அதனால்தான் அவர்கள் சீஸ் சாப்பிடுவதில்லை" என்று பலர் எழுதுகிறார்கள். இந்த விளக்கத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஐம்பது வருஷத்தில் ஓர் இனத்தின் மரபணு மாறிவிடாது. சீஸ் நுகர்வோ பல மடங்கு மாறியிருக்கிறது. மாறாத ஒன்றைக் காட்டி மாறியதற்குக் காரணம் சொல்ல முடியாது. தவிர, சீஸ் செய்யும்போது லாக்டோஸில் பெரும்பகுதி தெளிநீரோடு வடிந்துவிடுகிறது. மிச்சத்தை நுண்ணுயிர் தின்றுவிடுகிறது. முதிர்ந்த கெட்டிச் சீஸில் லாக்டோஸ் ஏறக்குறைய இருக்காது.

ஜப்பானில் 1960களின் நடுவில் தலைக்குக் கால் கிலோகூடத் தேறவில்லை. போருக்குப் பின் வந்த பள்ளி மதிய உணவில் பிள்ளைகளுக்குப் பாலும் ரொட்டியும் பழக்கமாகின. 1954இல் அதற்கென்று சட்டமே வந்தது. 1950களின் கடைசியில் குளிர்பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி மூன்றும் ஒவ்வொரு குடும்பமும் ஆசைப்பட்ட பொருள்கள். குளிர்பெட்டி வந்த வீட்டில்தான் சீஸுக்கு இடம் உண்டு. முதலில் ஓடியது பதப்படுத்திய சீஸ். காரம் மணம் இல்லாமல், துண்டு துண்டாக, நாள்பட இருக்கும் வகை. அப்புறம் பிட்சா. டோமினோஸ் 1985இல் தோக்கியோவில் கடை திறந்தது. 1980களின் கடைசியில் பதப்படுத்திய சீஸை இயற்கைச் சீஸ் மிஞ்சியது. இப்போது தலைக்குச் சுமார் இரண்டரை கிலோ.

கொரியாவின் வழி இன்னும் சுவையானது. தீதியே என்ற பெல்ஜியப் பாதிரியார் 1964இல் இம்சில் என்ற ஏழை மலைப்பகுதிக்கு மாற்றலாகி வந்தார். விவசாயிகளுக்கு வருமானம் வேண்டும் என்று ஆடு வளர்க்கச் சொன்னார். ஆட்டுப்பால் விற்காமல் மிஞ்சியது. மிஞ்சியதைக் கெடாமல் வைக்கச் சீஸ் செய்யலாம் என்று முயன்று 1967இல் கைகூடியது. ஜி ஜொங்-ஹ்வான் என்ற கொரியப் பெயரால் அவரை நாடே அறிந்திருந்தது. 2019இல் மறைந்தார். இம்சில் இன்றும் சீஸுக்குப் பெயர் போன ஊர். ஆனால், நாட்டின் நுகர்வை ஏற்றியது இம்சில் மட்டும் என்று சொன்னால் அது மிகை. பிட்சா ஹட் 1985இல் சியோலில் நுழைந்தது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடும் 2012இல் அமெரிக்காவோடும் போட்ட வணிக ஒப்பந்தங்கள் நடைமுறைக்கு வந்து, இறக்குமதிச் சீஸுக்கான வரி படிப்படியாக இறங்கியது. அதற்கெல்லாம் மேலாக, கொரியர்கள் சீஸைத் தங்கள் காரக் குழம்புகளுக்குள்ளேயே கொண்டுபோய்விட்டார்கள். காரமான கோழிப் பிரட்டலிலும் அரிசிக் கொழுக்கட்டைக் குழம்பிலும் பிட்சாவில் போடும் மொசரெல்லா சீஸைக் கொட்டினால் காரம் தணியும். ரொட்டிக்குள் மட்டும் இருந்த பண்டம் அன்றாடச் சமையலுக்குள் புகுந்துவிட்டால் அளவு தானே ஏறும். பிந்தித் தொடங்கிய கொரியா தலைக்கு மூன்று கிலோவைத் தாண்டி ஜப்பானை முந்தியது. அந்தச் சீஸ் கோழிப் பிரட்டலே 2017 வாக்கில் தோக்கியோவில் கொரியக் கடைகள் நிறைந்த ஷின்-ஓக்குபோ தெருக்களுக்குப் போய் அங்கேயும் கூட்டம் சேர்த்தது. பழக்கம் எல்லை தாண்டிப் போவதை இப்படி நேரடியாகப் பார்க்கக் கிடைப்பது அரிது.

சீனாவில் தலைக்கு அரை கிலோகூட இல்லை. அதற்காகச் சீனாவில் சீஸ் மரபே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. யுன்னான் மாநிலத்து மலைமக்கள் ரூபிங் என்று ஒன்று செய்கிறார்கள், பனீருக்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. திபெத்திலும் உள் மங்கோலியாவிலும் காய்ந்த சீஸ் தலைமுறை தலைமுறையாக உண்டு. 140 கோடிப் பேரால் வகுக்கும்போது அவர்களெல்லாம் சராசரிக்குள் கரைந்துவிடுகிறார்கள். 2008இல் குழந்தைப் பால்பொடியில் மெலமைன் கலந்த கொடுமைக்குப் பின் உள்நாட்டுப் பால்பொருள் மேலேயே மக்களுக்கு நம்பிக்கை ஆட்டம் கண்டது. அப்படியிருந்தும் அங்கே தலைக்கு 100 கிராம் கூடினாலே 1,40,000 டன் சீஸ் வேண்டும். ஜப்பான் முழுவதும் ஒரு வருஷத்தில் சாப்பிடுவதில் பாதிக்குச் சற்றுக் குறைவு அது. சின்னத் தலைக்கணக்கைச் சின்னச் சந்தை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

மூன்று நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபின் எனக்குத் தோன்றுவது: ஆரம்பத் தள்ளு வெளியிலிருந்து வருகிறது, குளிர்பெட்டியும் பள்ளிக்கூடமும் பிட்சாவும் அதைச் செய்கின்றன. அதன்பின் எவ்வளவு தூரம் போகும் என்பதை உள்ளூர்ச் சமையல் அதை ஏற்பதும் ஏற்காததும் தீர்மானிக்கிறது.

மொத்தத்துக்குள் வகை பிரித்துப் பார்த்தாலும் இதே சேதி கிடைக்கும். அமெரிக்காவில் 1970இல் தலைக்குச் சுமார் அரை கிலோவாக இருந்த மொசரெல்லா இப்போது 5 கிலோவைத் தாண்டிவிட்டது. 2010 வாக்கில் அவர்களின் பழைய செடார் என்ற கெட்டிச் சீஸையே முந்தியது. அமெரிக்கர்கள் சீஸ் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்ததால் வந்ததில்லை இந்த ஏற்றம், பிட்சா தின்றதால் வந்தது. அதே காலத்தில் குடிக்கும் பால் சரிந்துகொண்டே வந்தது. பாலைக் குடிப்பதை விட்டுக் கடிக்கத் தொடங்கினார்கள்.

சதவீதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் 300 கிராமானால் 200 சதவீத வளர்ச்சி. 24 கிலோ 26 கிலோவானால் 8 சதவீதம்தான். முதல் ஊரில் கூடியது 200 கிராம், இரண்டாம் ஊரில் 2 கிலோ. சதவீதம், கூடிய அளவு இரண்டையும் சேர்த்துச் சொல்லாதவர் உங்களிடம் ஏதோ விற்கப் பார்க்கிறார்.

நம் பக்கத்துக்கு எப்படிப் போடுவது

செட்டிநாட்டுக்கு அக்கம்பக்கம் சீஸ் செய்யும் இடங்கள் இருக்கின்றன. மேற்கே கொடைக்கானலில் செய்கிறார்கள். வடக்கே ஆரோவில்லில் செய்கிறார்கள், பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ரொட்டிப் பழக்கமும் உண்டு. ஆனாலும் காரைக்குடித் தோசையில் விழுகிற சீஸ் அந்த வழியாக வந்ததாக நான் நினைக்கவில்லை. அது வந்த வழி குஜராத்தின் ஆனந்த். 1946இல் தொடங்கிய கேடா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம் (அமுல் என்றால் எல்லோருக்கும் தெரியும்), எருமைப்பாலில் பொடி செய்ய முடியாது என்றிருந்த எண்ணத்தை 1955இல் உடைத்தது. அடுத்து எருமைப்பாலிலேயே சீஸும் செய்தது. 1970 முதல் 1996 வரை நடந்த வெண்மைப் புரட்சித் திட்டம் நாடு முழுக்கப் பால் பெருகவும் குளிர்ச்சி கெடாமல் ஊர் ஊராகப் போகவும் பாதை போட்டது. அந்தத் திட்டம் முடிந்த 1996இலேயே டோமினோஸ் தில்லியில் முதல் கடையைத் திறந்தது. பெருநகரத்தில் பிட்சாவாகத் தொடங்கியது சிற்றூரில் தோசையாகவும் சாண்ட்விச்சாகவும் வந்து சேர்ந்தது. செய்யும் இடம் பக்கத்தில் இருப்பதால் மட்டும் தின்னும் பழக்கம் பரவிவிடாது.

எங்கள் அப்பத்தா காலத்தில் மிஞ்சிய பாலுக்கு ஒரே வழிதான், உறை ஊற்றித் தயிராக்குவது. தயிர் மோராகும், வெண்ணெயாகும், நெய்யாகும். பனீருக்கோ சீஸுக்கோ அந்தச் சங்கிலியில் இடமில்லை, தேவையும் இல்லை. இன்றைக்கும் செட்டிநாட்டு வீட்டுச் சமையலுக்குள் சீஸ் நுழைந்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். கந்தரப்பத்துக்கும் பால் பணியாரத்துக்கும் கவுனி அரிசிக்கும் பக்கத்தில் அது உட்காரவில்லை. கடையிலும் பந்தியிலும்தான் இருக்கிறது. கொரியாவில் நடந்தது இங்கே இன்னும் நடக்கவில்லை என்பது என் கணிப்பு. யாராவது ஓர் ஆச்சி, மிளகாய் காரம் தூக்கலான பிரட்டலில் அதைச் சேர்த்துப் பார்த்து, பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்டால் கதை மாறும்.

இந்தக் கணிப்பைச் சரிபார்க்க ஐந்தொகைக் கணக்கு உதவாது. அது நாட்டுக்குத்தான் போட முடியும். காரைக்குடிக்கும் மதுரைக்கும் நடுவே சுங்கச்சாவடியில் யாரும் சீஸை நிறுத்துப் பார்ப்பதில்லை. மாவட்ட அளவுக்கு இறங்க வேண்டுமானால் வீடுகளைத்தான் கேட்க வேண்டும். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2022-23இலும் 2023-24இலும் வீட்டுச் செலவு ஆய்வை நடத்தியது. ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போய், உணவுக்கு ஒரு முறை, மற்ற நுகர்பொருள், சேவைகளுக்கு ஒரு முறை, நீடித்த பொருள்களுக்கு ஒரு முறை என்று கேட்டார்கள். இதற்கு முந்தி முடிவு வெளியான ஆய்வு 2011-12இல் நடந்தது, அப்போது கேட்ட முறை வேறு. ஆகவே இரண்டு ஆய்வுகளின் எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து வளர்ச்சி என்று சொல்வதில் நிதானம் வேண்டும். கேட்கும் முறை மாறினாலே வரும் பதிலும் மாறும்.

வீட்டுக் கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு, அது நம் பக்கத்துக்கு மிகப் பெரியது. வீட்டுக்கு வாங்கிய பனீர் கிராம் கணக்கில் வரும். செக்காலை ரோட்டில் நின்று சாப்பிட்ட சீஸ் தோசை, வெளியில் வாங்கிய தயார் உணவு என்ற தலைப்பில் ரூபாயாகப் பதிவாகும். அதற்குள் சீஸ் எத்தனை கிராம் என்று யாரும் பிரிக்க மாட்டார்கள். தமிழ்நாடோ, பானம், பலகாரம், பதப்படுத்திய உணவு, தயார் உணவு ஆகியவற்றுக்குச் செலவிடும் பங்கில் பெரிய மாநிலங்களில் முன்வரிசையில் நிற்கும் மாநிலம். சீஸ் எங்கே அதிகம் தின்னப்படுகிறதோ அங்கேதான் கணக்கின் கண் மங்கலாக இருக்கிறது.

இதற்குச் சின்ன அளவில் செய்யக்கூடிய வழி ஒன்று இருக்கிறது, கல்லூரி மாணவர்கள் யாராவது எடுத்துச் செய்தால் மகிழ்வேன். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை, திருப்பத்தூர் நான்கிலும் பால்பொருள் மொத்த விநியோகம் செய்பவர்களின் விற்பனை ஏட்டை மாதவாரியாக வாங்கிப் பார்க்கலாம். கடைக்குப் போனது தனி, ஓட்டலுக்குப் போனது தனி, சமையல் ஒப்பந்தக்காரருக்குப் போனது தனி. பனீர் ஒரு வரிசை, சீஸ் ஒரு வரிசை. தை, ஆவணி போன்ற கல்யாண மாதங்களையும் பள்ளி விடுமுறை மாதங்களையும் தள்ளிவைத்து, ஆடியிலும் மார்கழியிலும் என்ன விற்கிறது என்று பார்த்தால் ஊரில் இருப்பவர்கள் சாப்பிடுவது எவ்வளவு என்பது ஓரளவு பிடிபடும். நான்கு ஊரும் ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவுக்குள்தான் இருக்கின்றன. மண்ணும் மழையும் மளிகை விலையும் ஏறக்குறைய ஒன்று. அதற்கு மேலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் வந்தால், எத்தனை கல்லூரி, எத்தனை பூட்டிய வீடு, எத்தனை பேர் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறார்கள் என்று அடுத்த வரிசையைத் தேடத் தொடங்கலாம்.